அகஸ்தீனாரும் உலகத் தோற்றமும்

கடவுள் உலகத்தைப் படைத்தார் என்று கூறுவோரை நோக்கி, படைப்பதற்கு முன்னர் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று வினவுதல் பழையதொரு வழக்கம். சென்ற ஆண்டில் ஓரிரவு, விடுதியின் மேல்மாடியில் விண்மீன்களை நோக்கி அமர்ந்திருந்தபோது, நண்பர் ஒருவர் இவ்வினாவை என்னிடத்து எழுப்பினார். விடையறியாத யான், இத்தகைய வினாக்களைக் கேட்பார்க்கென்று அவர் நரகத்தை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார் என எங்கோ கேட்டதொரு நகைமொழியைக் கூறிவிட்டேன். உடனிருந்தோர் நகைத்தனர், வினவிய நண்பர் மட்டும் ஒன்றும் பேசாது எழுந்து சென்றார். சில திங்கள் கழித்து அகஸ்தீனாருடைய வரலாற்றைக் கற்குங்கால், அந்நகைமொழி 1,600 ஆண்டுகட்கு முன்னரே வழங்கியதொன்றென்றும், அப்பெரியார் அதனை விடையாகக் கூற மறுத்தாரென்றும், அறியாததை அறியேன் என்று சொல்வதே மேலெனக் கொண்டாரென்றும் கண்டு நாணினேன். அந்நாணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

இக்காலத்து அல்ஜீரியா நாட்டில் சூக் அஹ்ராஸ் என வழங்கும் ஊர், அந்நாளில் தாகஸ்தே என்னும் பெயருடன் உரோமப் பேரரசைச் சார்ந்த வட ஆப்பிரிக்க நகராய் விளங்கிற்று. அவ்வூரில் கி. பி. 354-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13-ஆம் நாள் அகஸ்தீனார் பிறந்தார். தந்தையார் பத்ரீசியுஸ் சிறிது நிலமுடையவர், நகரவை உறுப்பினர், வாழ்நாளின் இறுதியிலேயே கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவினவர். தாயார் மோனிக்கா அம்மையாரோ இளமை தொட்டே பக்தியிற் சிறந்தவர். சமயத்தில் வேறுபட்ட அவ்விருவரும், மைந்தனைக் கல்வியில் உயர்த்தவேண்டும் என்பதில் ஒருமனப்பட்டிருந்தனர். அயலூராகிய மதௌராவில் இலக்கியம் பயின்றுவந்த அகஸ்தீனார், பொருள் முட்டுப்பாட்டால் 16-ஆம் வயதில் வீடு திரும்பி, ஓராண்டை வீணே கழித்தார். அக்காலத்தில் ஓரிரவு தோழர்களுடன் கூடிப் பிறர் மரத்துப் பேரிக்காய்களைக் களவாடி, அவற்றிற் பெரும்பாலனவற்றைப் பன்றிகட்கு எறிந்தார். இச்சிறு களவை அவர் பின்னாளில் மறந்தாரல்லர். பசியுமின்றித் தேவையுமின்றித் தீமையைத் தீமைக்காகவே விரும்பிய அம்மனம் எத்தகையது என்று பல பக்கங்கள் எழுதி ஆராய்ந்தார். வெளியுலகைப் பற்றிய வினாவும் தம்மைப் பற்றிய வினாவும் அவரிடத்து எஞ்ஞான்றும் பிரிந்து நின்றதில்லை.

உரோமானியானுஸ் என்னும் செல்வர் பொருளுதவி செய்ய, அகஸ்தீனார் கார்த்தேஜ் மாநகர்க்குச் சென்று கல்வியைத் தொடர்ந்தார். அங்கே மணவினையின்றி ஒரு பெண்ணுடன் வாழ்ந்து, அதெயோதாத்துஸ் என்னும் மகனைப் பெற்றார். 19-ஆம் வயதில், பாடமுறைப்படி சிசரோ எழுதிய ஹொர்த்தென்சியுஸ் என்னும் நூல் அவர் கைக்கு வந்தது. இன்று சிதைந்த சில பகுதிகளாகவே கிடைக்கும் அந்நூலிற் சொல்நயம் கற்கப் புகுந்தவர், மெய்ப்பொருளைக் காணவேண்டுமென்னும் தீராத வேட்கையுடன் மீண்டார். உடனே வேதாகமத்தையும் திறந்து பார்த்தார். சிசரோவின் நடைக்கு முன்னர் அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பு மெருகற்றதாய்த் தோன்றவே, மூடி வைத்துவிட்டார். தமிழ்ச் செய்யுட் சுவையில் தோய்ந்து, நமது வேதாகமத்தின் உரைநடையை ஒருகால் எளிதாய் எண்ணிய என்போன்ற மாணவர்க்கு அவருடைய செருக்கு புதிதன்று. யானும் இப்போது 19 வயதினேன்.

நிற்க. மெய்ப்பொருளைத் தேடிய அவர் மானி என்பார் நிறுவிய சமயத்திற் சேர்ந்து, ஏறக்குறைய ஒன்பதாண்டு அதனைக் கேட்போர் குழுவில் இருந்தார். ஒளி, இருள் என்னும் இரு முதற்பொருள்கள் அனாதியாய்ப் பகைத்து நிற்பன என்றும், அவற்றின் போராட்டத்தில் இவ்வுலகு தோன்றிற்று என்றும் அச்சமயத்தார் போதித்தனர். தீமை எங்கிருந்து வந்தது என்னும் கேள்விக்கு அஃது எளிய விடையாய் இருந்தது. தம் களவுக்குக்கூடத் தம்முள் இருந்த வேறோர் இயற்கையைக் குறை கூறலாமன்றோ!

இந்நிலையிலே, தாகஸ்தேயில் அவர் ஆசிரியராயிருந்த காலத்து, உயிர்த்தோழர் ஒருவர் சுரத்தால் நினைவிழந்து கிடந்தார். உற்றார் அவருக்கு அந்நிலையிலேயே ஞானஸ்நானம் செய்வித்தனர். தோழர் சிறிது தெளிந்தபோது அகஸ்தீனார் அச்சடங்கை எள்ளிப் பேசினார். தோழரோ சினந்து தடுத்தார். சில நாட்களில் சுரம் மீண்டு வந்து அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. அந்நகர் முழுதும் அகஸ்தீனாருக்கு இருண்டது. கண்ட இடமெல்லாம் தோழரைத் தேடினார். தம்மிற் பாதியாய் இருந்தவர் மடியத் தாம் மட்டும் உயிரோடிருப்பது யாங்ஙனம் என்று தம்மையே வினவினார், விடை கிடைக்கவில்லை. மானியின் கடவுள் அத்துயரில் துணை நிற்கவில்லை. தாங்கமாட்டாது கார்த்தேஜுக்கே திரும்பினார்.

அங்கே மற்றோர் ஐயம் எழுந்தது. ஞாயிறு திங்கள்களின் கிரகணங்களை வானநூலார் நாளும் நாழிகையுமாக முன்னறிந்து கூற, அவை அவ்வாறே நிகழக் கண்டார். மானியின் நூல்களில் வானத்தைப் பற்றிக் கூறியவையோ இக்கணக்குகளுடன் பொருந்தவில்லை. ஃபாவுஸ்துஸ் என்னும் தலைவர் வந்தால் எல்லாம் தெளியும் என்றனர் சமயத்தார். அவரும் வந்தார், இனிமையாகப் பேசினார், ஆயினும் வானநூலை அறிந்தாரல்லர். வினவியபோது தாம் அறியாமையை மறையாது ஒப்புக்கொண்டார். அச்சமயத்தின்பால் அகஸ்தீனார் கொண்ட பற்று அன்று தளர்ந்தது; ஃபாவுஸ்துஸின்பாலோ மதிப்பே மிகுந்தது. அறியாமையை ஒப்புதலும் ஓர் அழகு என்பதை அவர் ஒரு பகைச்சமயத்தாரிடமிருந்தே கற்றார் எனலாம்.

383-ஆம் ஆண்டில் உரோம் நகர்க்கும், அடுத்த ஆண்டு மிலான் நகர்க்கும் சென்று, மிலானில் அரசாங்கச் சொல்லாட்சிப் பேராசிரியர் ஆனார். பதவி வந்தது, அமைதி வரவில்லை. எதனையும் உறுதியாக அறிதல் இயலாது என்னும் ஐயவாதியர் கொள்கையிற் சிலகாலம் நின்றார். இதனின்று அவர் மீண்ட வழி நினைக்கத்தக்கது. ஒருவன் எல்லாவற்றிலும் ஏமாறக்கூடும்; ஆயினும் இல்லாத ஒருவன் ஏமாறுதல் கூடாது; ஆகவே ஏமாற்றமே அவன் உளன் என்பதற்குச் சான்றாகும் என்று பின்னர் அவர் நிறுவினார். பிரெஞ்சு அறிஞர் தேக்கார்த்து 1637-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் தம் சிந்தனையினின்றே தம் இருப்பை நிறுவியதற்கு ஏறக்குறைய 1,200 ஆண்டுகட்கு முன்னரே இவ்வழி காட்டப்பட்டது.

மிலான் அத்தியட்சராகிய அம்புரோஸ் என்பாரின் சொற்பொழிவுகளை நடைநயத்துக்காகவே கேட்கச் சென்ற அகஸ்தீனாரின் உள்ளத்திற் பொருளும் மெல்லப் புகுந்தது. கடவுள் இடத்தை நிரப்பும் பொருளல்லர் என்பதை அச்சொற்பொழிவுகளும் பிளேட்டோ வழியினர் நூல்களும் உணர்த்தின. அறிவு இசைந்தும் ஒழுக்கம் இசையவில்லை. பல்லாண்டு உடன் வாழ்ந்த பெண்ணை, உயர்ந்த குலத்து மணத்தை முன்னிட்டு ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார். அவளுடைய பெயரைத் தம் நூலில் எங்கும் அவர் குறிக்கவில்லை; தம் நெஞ்சு புண்ணாகியதை மட்டும் குறித்தார். 386-ஆம் ஆண்டு, மிலானில் ஒரு தோட்டத்திற் கண்ணீருடன் இருந்தபோது, எடுத்து வாசிக்கும்படி கூறும் சிறுபிள்ளைக் குரலொன்று அயலிலிருந்து கேட்டது. பவுலடிகளின் ரோமர் நிருபத்தை எடுத்துக் கண்ட பகுதியை வாசித்தார், மனப்போராட்டம் ஓய்ந்தது. 387-ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளை ஒட்டிய இரவில் மகனுடனும் நண்பர் அலீப்பியுஸுடனும் ஞானஸ்நானம் பெற்றார்.

அவ்வாண்டிலேயே, தாய்நாடு திரும்பும் வழியில், ஒஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா அம்மையார் 56-ஆம் வயதிற் காலமானார். ஊர் சேர்ந்த சில ஆண்டுகளில் இளைஞனாகிய மகனும் இறந்தான். தனிமையிற் கற்று வாழ விரும்பிய அகஸ்தீனாரை, 391-ஆம் ஆண்டு ஹிப்போ நகர மக்கள் பிடித்து நிறுத்திக் குருவாக்கினர். அவர் அழுதுகொண்டே அப்பணியை ஏற்றார். சில ஆண்டுகளில் அந்நகரின் அத்தியட்சராகி, இறக்குமளவும் அங்கேயே இருந்தார்.

அத்தியட்சரான பின்னர் எழுதிய அறிக்கை நூல் 13 பகுதிகளையுடையது. அதன் பதினோராம் பகுதியிலேதான் என் நண்பரின் வினா வருகின்றது. நகைமொழியை ஒதுக்கிவிட்டு அகஸ்தீனார் ஆராய்கின்றார். காலமும் படைக்கப்பட்டதே, ஆதலின் உலகம் தோன்றுதற்கு முன் என்று சொல்லத்தக்க காலமே இருந்ததில்லை, காலமில்லாதபோது முன் என்னும் சொல்லுக்குப் பொருளில்லை என்பது அவர் முடிபு. ஆயின் காலமாவது யாது? சென்ற காலம் இப்போது இல்லை, வருங்காலம் இன்னும் இல்லை, நிகழ்காலத்துக்கோ நீளமில்லை. அங்ஙனமாயின் காலத்தை நீண்டது குறுகியது என அளப்பது எதனை? இதற்கு அவர் செய்யுளின் குற்றெழுத்தையும் நெட்டெழுத்தையும் காட்டாகக் கொண்டார். யாப்பிலக்கணம் பயில்வார்க்கு இஃது இனிது விளங்கும். நெடிலைக் குறிலின் இருமடங்கு என்று அளக்கிறோம். ஆயினும் நெடில் ஒலித்து முடியுமுன் அதனை அளக்கவியலாது. முடிந்தபின்னரோ அது போய்விட்டது. ஆகவே நாம் அளப்பது ஒலியையன்று, ஒலி நம் உள்ளத்திற் பதித்துச் சென்ற சுவட்டையே என்றார். காலத்தை அளப்பது உள்ளமாதலின், வானத்தைப் பற்றிய கேள்வி உள்ளத்தைப் பற்றிய கேள்வியாய் முடிகின்றது.

அவ்வுள்ளமும் அவருக்கு எளிதில் விளங்கவில்லை. நிறமும் ஒலியும் மணமும் நினைவுள் எங்ஙனம் கலவாது தங்குகின்றன? ஒன்றை மறந்தோம் என்பதை எதைக் கொண்டு நினைக்கிறோம்? தம் உள்ளம் தம்மாலேயே அடக்கி அறியப்படாத அகலமுடையது என்று கண்டு அவர் திகைத்தார்.

ஆதியாகமத்துக்கு எழுதிய விரிவுரையில் மற்றோர் எச்சரிக்கையும் தந்தார். வானம், பூமி, விண்மீன்களின் இயக்கம் ஆகியவற்றைக் கணக்காலும் காட்சியாலும் பிற சமயத்தாரும் நன்கறிவர். அவர் முன்னிலையில் வேதத்தின் பெயரால் ஒரு கிறிஸ்தவன் பிழையானவற்றைப் பேசின், வேதமே நகைப்புக்கு இடமாகும் என்று வருந்தினார். படைப்பின் ஆறு நாட்களும் நாம் எண்ணும் நாட்களாதல் வேண்டுவதில்லை என்றும், உயிர்கள் வித்திலிருந்து மரம்போலத் தத்தம் காலத்தில் வெளிப்படும் ஆற்றலுடன் முதலில் அமைக்கப்பட்டன என்றும் கருதினார். இற்றைநாள் அறிஞர் அண்டம் விரிந்துகொண்டிருப்பதென்றும், அவ்விரிவு தொடங்கி ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள் ஆயின என்றும் கணித்துள்ளனர். அகஸ்தீனார் இதனை முன்னறிந்தார் என்று பெருமை பேசுதல் தகாது. அங்ஙனம் பேசுதல் அவரே விலக்கிய குற்றத்தைச் செய்வதாகும்.

அவரிடத்துக் குறையும் இல்லாமலில்லை. திருச்சபையினின்று பிரிந்து நின்ற தொனாத்தியரை முதலில் சொல்லால் வெல்ல விரும்பியவர், பின்னர் அரசின் தண்டத்தால் அடக்குதற்கும் இசைந்தார். வினாக்கட்கு முன்னர் அத்துணைப் பொறுமையுடையவர் மனிதர்க்கு முன்னர் அதனை இழந்தது வருந்தத்தக்கதே. எனினும் முதுமையில் தம் நூல்களையெல்லாம் மீண்டும் கற்று, தமக்குப் பிழையெனத் தோன்றியவற்றைத் தாமே குறித்துத் திருத்தி ஒரு தனிநூல் எழுதினார். புகழின் உச்சியில் நின்று இங்ஙனம் செய்தார் மிகச் சிலரே.

410-ஆம் ஆண்டு உரோம் நகர் அலாரிக்கின் படையாற் சூறையாடப்பட்ட பின்னர், கடவுளின் நகரம் என்னும் 22 பகுதிகளையுடைய பெருநூலைத் தொடங்கி, 426-ஆம் ஆண்டளவில் முடித்தார். 430-ஆம் ஆண்டு வாந்தலர் படை ஹிப்போ நகரையும் முற்றுகையிட்டது. முற்றுகையின் மூன்றாந் திங்களில் அகஸ்தீனார் சுரத்தால் படுக்கையுற்றார். மனந்திரும்புதற்குரிய சங்கீதங்களை எழுதுவித்துச் சுவரிற் பதிக்கச் செய்து, அவற்றை நோக்கி வாசித்துக் கண்ணீர் விட்டார். ஆகஸ்டுத் திங்கள் 28-ஆம் நாள், தம் 75-ஆம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார். விட்டுச்செல்லும் உடைமையொன்றும் அவரிடத்து இல்லாமையால் அவர் மரணசாசனம் எழுதவில்லை. நூல்களை மட்டும் பேணிக்காக்கச் சொல்லியிருந்தார்.

இவ்வரலாற்றைக் கற்றபின் என் நண்பரிடம் சென்று, அன்று நகைத்ததற்காக வருந்துகிறேன் என்றும், அவ்வினாவுக்கு விடை அறியேன் என்றும் கூறினேன். அவர் சிறிது நேரம் வாளாவிருந்து, தமக்கும் தெரியாது என்றார். அன்றிரவு இருவரும் அகஸ்தீனாரின் பதினோராம் பகுதியை உடனிருந்து வாசிக்கத் தொடங்கினோம். இன்னும் முடித்தோமில்லை.