சதுரங்கப்பட்டினக் கடலில் ஒரு கடுமையான தளபதி

சாந்தோம் தேவாலயத்தின் பின்புறம், கடற்கரை மணலில் நின்று வடக்கே நோக்கினால், துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கப்பல்கள் தெரியும். 1782-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத நடுவில் அதே திசையில், ஜார்ஜ் கோட்டைப் பீரங்கிகளின் பாதுகாப்பில், ஒன்பது ஆங்கிலப் போர்க்கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. அவற்றைத் தேடிப் பிரெஞ்சுக் கப்பற்படை ஒன்று சென்னைக்கு எதிரே வந்து சேர்ந்தது. அதன் தளபதி பியேர் ஆந்த்ரே தெ சுய்ப்ரேன்.

அவர் 1729-இல் தென்பிரான்சின் ப்ரோவான்ஸ் நாட்டில், ஒரு பிரபுவின் மூன்றாவது மகனாகப் பிறந்தார். பதினான்காம் வயதில் கடற்படையில் சேர்ந்தார். மால்டாத் தீவின் புனித அருளப்பர் வீரர் சபையிலும் உறுப்பினராகி, பிற்காலத்தில் அதன் உயர்பட்டமான பைலி நிலைக்கும் உயர்ந்தார். வாலிபத்தில் இருமுறை ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். அந்த நினைவு அவரை இறுதிவரை உறுத்தியிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பார்வைக்கு அவர் தளபதியாகவே தோன்றமாட்டார். பருத்த உடல், கசங்கிய சட்டை, ஊர்ப்புறத்துப் பேச்சு. ஆனால் வேலை என்று வந்துவிட்டால் தமக்கும் ஓய்வில்லை, பிறருக்கும் ஓய்வில்லை. மாலுமிகள் அவரிடம் அன்பு வைத்தனர். கப்பல் தலைவர்களோ அஞ்சினர், முணுமுணுத்தனர்.

கோட்டைப் பீரங்கிகளுக்கு எதிரே சென்று தாக்குவது ஆபத்து என்று கண்டு அவர் தெற்கே திரும்பினார். ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸ் பின்தொடர்ந்தார். பிப்ரவரி 17 அன்று, நம் நகருக்குத் தெற்கே கல்பாக்கத்தை அடுத்துள்ள சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் போர் மூண்டது. அக்காலத்தில் இரு படைகளும் வரிசையாக நின்று கப்பலுக்குக் கப்பல் சுடுவதே வழக்கம். சுய்ப்ரேன் வேறு விதமாக எண்ணினார். எதிரி வரிசையின் பின்பகுதியை மட்டும் பலர் சேர்ந்து நெருங்கி, இருபுறமும் சூழ்ந்து நொறுக்க வேண்டும் என்பது அவர் திட்டம். அவர் கையில் பன்னிரண்டு கப்பல்கள் இருந்தன. ஆனால் பல கப்பல்கள் நெருங்கி வராமல் தொலைவிலேயே நின்று சுட்டன. வெற்றி கைநழுவிற்று.

அவர்கள் கோழைகளா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தளபதி தம் கருத்தை அவர்களுக்குத் தெளிவாக விளக்கிப் பழக்கவில்லை என்று கடற்போர் வரலாறு எழுதியோர் சிலர் குறை கூறுகின்றனர். பாடத்தை நடத்தாமலே தேர்வில் கேட்கும் ஆசிரியரை மாணவியர் அறிவீர்கள் அல்லவா! (ஆசிரியைகள் பொறுத்தருள்க.)

அதே ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கு எதிரே நடந்த போரில் ஒரு பிரெஞ்சுக் கப்பலின் தலைவர் மனமுடைந்து கொடியை இறக்கச் செய்தார். அவருக்குக் கீழிருந்த அதிகாரிகள் பணிய மறுத்து, கொடியை மீண்டும் ஏற்றிப் போரிட்டனர். போர் முடிந்ததும் அத்தலைவரோடு வேறு சிலரையும் சுய்ப்ரேன் பதவி நீக்கித் தாய்நாட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பழுதுபார்க்க நல்ல துறைமுகமும் அவருக்கு இல்லை. கடலூரில் கரையோர வீடுகளை இடித்து, அந்த மரத்தைக்கொண்டு கப்பல்களைச் செப்பனிட்டார்கள். வீடிழந்த குடும்பங்களின் கதையை யார் எழுதினார்கள்? ஹைதர் அலி தம் படையோடு கடலூருக்கு அருகே வந்து அவரைச் சந்தித்து மரியாதை செய்ததும் அந்த ஜூலையில்தான். ஆகஸ்ட் இறுதியில் திரிகோணமலையைப் பிடித்தார். செப்டம்பர் 3 அன்று அதற்கு எதிரே நடந்த போரில் மீண்டும் பழைய கதை. அவர் கப்பலின் பாய்மரமே முறிந்து விழ, துணைக்கு வந்தவர் சிலரே. அதன்பின் நான்கு கப்பல் தலைவர்கள் விடைபெற்று அகன்றனர்.

எனினும் 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே, பதினெட்டுக் கப்பல்களைப் பதினைந்து கப்பல்களால் எதிர்த்தார். மாலுமிகள் போதாமல், கோட்டையிலிருந்து சிப்பாய்கள் உட்பட 1,200 பேரை இரவல் வாங்கி ஏற்றியிருந்தார். ஹியூஸ் சென்னைக்குத் திரும்ப, கடலூர் தப்பியது. ஆனால் ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டுவிட்ட செய்தி சில நாட்களில் வந்தது. ஐந்து போர்களிலும் எவர் கப்பலையும் எவரும் கைப்பற்றவில்லை.

அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய த்ரூப்ளே என்னும் அதிகாரி, பின்னாளில் இப்படையெடுப்பின் வரலாற்றை நூலாகவே எழுதினார்.

தாயகம் திரும்பும் வழியில் சுய்ப்ரேன் நன்னம்பிக்கை முனையில் தங்கினார். ஆங்கிலக் கப்பல்களும் அங்கே வந்து சேர்ந்தன. அவரோடு போரிட்ட தலைவர்களே அவர் கப்பலுக்கு வந்து வணக்கம் செலுத்தினார்கள். தம் சொந்தத் தலைவர்கள் பலரிடம் கிடைக்காத மதிப்பு பகைவரிடம் கிடைத்ததில் அவர் பெருமகிழ்ச்சி கொண்டார். பிரான்சில் பதினாறாம் லூயி மன்னர் அவருக்கென்றே புதிதாக ஒரு துணை அட்மிரல் பதவியை ஏற்படுத்தினார்.

1788 டிசம்பர் 8, அமல உற்பவ அன்னையின் திருநாளன்று பாரிஸில் அவர் காலமானார். புதுச்சேரிக்குச் சுற்றுலா செல்லும் மாணவியர், அவர் பெயர் தாங்கிய சுய்ப்ரேன் வீதியை அங்கே காணலாம்.