தன் கைவேலையை அடையாளம் கண்ட வெள்ளிக்கொல்லர்

அமெரிக்கா பிரித்தானியாவின் குடியேற்றமாக இருந்த காலத்தில் பொஸ்டன் நகரில் பணத்தைப் போட்டுவைக்க வங்கிகள் இருக்கவில்லை. வசதியுள்ளவர்கள் கையில் சேர்ந்த வெள்ளி நாணயங்களை வெள்ளிக்கொல்லரிடம் கொடுத்து உருக்கி, கிண்ணமாகவோ மெழுகுதிரித் தாங்கியாகவோ செய்வித்துக்கொண்டார்கள். களவுபோன நாணயம் யாருடையது என்று சொல்ல முடியாது. பாத்திரத்திலோ உரியவரின் பெயரெழுத்துகளும் செய்தவரின் முத்திரையும் இருக்கும். வெள்ளியின் தரத்தைச் சோதித்துச் சான்று வழங்கும் அரச நிறுவனம் அங்கே இல்லாததால் கொல்லரின் முத்திரையே சாட்சியாக இருந்தது.

மெழுகுதிரித் தாங்கிக்கு வெள்ளி அதிகம் தேவை. தண்டை இரண்டு பாதிகளாக வார்த்துப் பற்றவைக்க வேண்டும். அதனால் அவற்றைச் செய்தவர்கள் குறைவு. அவர்களில் ஒருவர் ஜோன் கோனி. அவருடைய பட்டறைக்குத் தொழில் பழக வந்த சிறுவன் அப்பொலோஸ் ரிவ்வார். புரட்டஸ்தாந்து மதத்தவர்களை பிரெஞ்சு அரசு ஒடுக்கிய காலத்தில், 13 வயதில் கடல் கடந்து அனுப்பப்பட்டவன். வந்த இடத்தில் அவனுடைய பெயர் யாருடைய வாயிலும் நுழையவில்லை. பிற்காலத்தில் அதை போல் ரிவியர் என்று மாற்றிக்கொண்டார்.

மகனுக்கும் அதே பெயர். அமெரிக்கப் புரட்சியின் வரலாற்றில் புகழ்பெற்றவர் இந்த மகன்தான். 1754இல் தந்தை இறந்தபோது அவருக்கு வயது 19. பட்டறையும் குடும்பமும் அவர் தலையில் விழுந்தன. இரண்டு திருமணங்களில் அவருக்கு 16 பிள்ளைகள். 1765இல் முத்திரை வரியும் வியாபார மந்தமும் சேர்ந்து வர, வெள்ளி வேலை குறைந்தது. செப்புத் தகட்டில் படம் செதுக்கினார். விழுந்த பல்லுக்குப் பதிலாகப் பொய்ப்பல் வைத்துக் கம்பியால் கட்டும் வேலையையும் பழகிக்கொண்டார்.

அப்படிப் பல் கட்டுவித்தவர்களில் ஒருவர் மருத்துவர் ஜோசப் வொரன். ரிவியரின் நண்பர், பொஸ்டன் எதிர்ப்பியக்கத்தின் தலைவர்களில் ஒருவர். 1775 ஏப்ரல் 18ஆம் திகதி இரவு, பிரித்தானியப் படை புறப்படுகிறது என்ற செய்தியோடு ரிவியரைக் குதிரையில் அனுப்பியவர் அவரே. அந்த இரவுச் சவாரிதான் ரிவியருக்குப் புகழ் தந்தது.

இரண்டு மாதங்களின் பின், ஜூன் 17இல், பங்கர் ஹில் சண்டையில் வொரன் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 34. பிரித்தானியப் படையினர் அவரை இன்னொருவருடன் ஒரே குழியில் புதைத்தார்கள். தாயில்லாத அவருடைய நான்கு பிள்ளைகளும் தந்தையையும் இழந்தனர். 1776 மார்ச்சில் படை பொஸ்டனை விட்டு வெளியேறிய பிறகே சகோதரர்களும் நண்பர்களும் அங்கே தேடிச் செல்ல முடிந்தது.

ஏறத்தாழ பத்து மாதங்கள் கடந்திருந்தன. முகத்தைப் பார்த்து யாரென்று சொல்லக்கூடிய நிலையில் உடல் இல்லை. பல்லைக் கட்டியிருந்த கம்பியை ரிவியர் பார்த்தார். அதில் முத்திரை எதுவும் இல்லை. ஆனால் அது தன் கையால் முறுக்கியது என்று அவருக்குத் தெரிந்தது. பல்லை வைத்து இறந்தவரை அடையாளம் கண்டதாகப் பதிவான மிகப் பழைய சம்பவங்களில் இதுவும் ஒன்று. ஏப்ரல் 8ஆம் திகதி வொரனுக்கு இறுதிச் சடங்கு நடந்தது. இம்முறை அவர் தன் சொந்தப் பெயரோடு அடக்கம் செய்யப்பட்டார்.

ரிவியர் அதன்பின் மணிகள் வார்த்தார், செப்புத் தகடு உருட்டும் ஆலை நிறுவினார், 1818 மே 10ஆம் திகதி தனது 83ஆவது வயதில் காலமானார். அவருடைய பெயர் பொறித்த வெள்ளிப் பாத்திரங்களை அருங்காட்சியகங்கள் இன்றும் காத்துவருகின்றன. ஆனால் உறவினரின் உடலுக்காகக் காத்திருந்தவர்களுக்கு, பெயர் பொறிக்காத அந்தக் கம்பியின் பெறுமதி விளங்கும். அடையாளம் மண்ணுக்குள் கிடந்தால் மட்டும் போதாது. குழியைத் தோண்ட வழி திறக்க வேண்டும், பார்த்துச் சொல்லக்கூடிய ஒருவர் அதுவரை உயிரோடிருக்கவும் வேண்டும்.