புளோ ஹைமன்: கரப்பந்தாட்டத்தின் நெடிய நாயகி

கரப்பந்தாட்டம் எமது நாட்டின் தேசிய விளையாட்டு. கல்லூரி மைதானத்தில் அந்த வலைக்கு முன்னால் நின்ற பலர் இன்று உலகின் பல பாகங்களிலும் வாழ்கிறோம். நாம் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு வீராங்கனை புளோ ஹைமன். ஒரு வைத்தியராக எனக்கு அவரது வாழ்வைப் போலவே மரணமும் முக்கியமானது.

புளோரா ஜீன் ஹைமன் 1954 ஜூலை 31ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். தந்தையார் ரயில்வேயில் துப்புரவுப் பணியாளர். தாயார் சிற்றுண்டிச்சாலை நடத்தினார். வயதை மீறி வளர்ந்ததால் சிறுவயதில் தன் உயரத்தையிட்டுக் கூச்சப்பட்டார். அதையே பலமாக்கிக்கொள்ளும்படி வீட்டாரும் நண்பர்களும் ஊக்கமளித்தனர். அவர் வளர்ந்து நின்ற உயரம் 6 அடி 5 அங்குலம்.

கல்வி நிறுவனங்களில் பால் வேறுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் அமெரிக்காவில் 1972இல் வந்தது. அதன் பின்னரே விளையாட்டு வீராங்கனைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் திறக்கத் தொடங்கின. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்காகப் புலமைப்பரிசில் பெற்ற முதற் பெண் புளோதான்.

பின்னர் தேசிய அணியில் இணைந்து, பயிற்றுநர் ஆரி செலிங்கரின் கீழ் ஆண்டுக்கணக்காகக் கடும் பயிற்சி பெற்றார். 1980 மொஸ்கோ ஒலிம்பிக்கிற்கு அணி தகுதி பெற்றது. ஆயினும் அமெரிக்கா அப்போட்டியைப் பகிஷ்கரித்ததால் அந்த வாய்ப்பு கைநழுவியது. பலர் விலகியிருக்கக்கூடிய நேரம் அது. புளோ விலகவில்லை. 1981 உலகக் கிண்ணப் போட்டியில் மிகச் சிறந்த அடிப்பாளராகத் தெரிவானார். 1982 உலகச் சம்பியன் போட்டியில் அவரது அணி வெண்கலம் வென்றது. 1984இல் சொந்த நகரான லொஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஒலிம்பிக்கில், முப்பது வயதில், இறுதியாட்டத்தில் சீனாவிடம் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

1972ஆம் ஆண்டுச் சட்டத்தை 1984இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வலுவிழக்கச் செய்தது. அதை மீண்டும் வலுப்படுத்தக் கோரி அவர் வொஷிங்டனில் குரல் கொடுத்தார். தான் நுழைந்த கதவு தங்கைமாருக்கு மூடப்படக் கூடாது என்பதே அவர் கவலை.

அப்போது அமெரிக்காவில் கரப்பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்டு வாழ இடமில்லை. எனவே யப்பான் சென்று, டாயெய் என்னும் அங்காடி நிறுவனத்தின் அணியில் ஆடினார். மூன்றாம் பிரிவிலிருந்த அவ்வணி முதற் பிரிவுக்கு உயர்ந்தது. 1986 ஜனவரி 24ஆம் திகதி மட்சுயே நகரில் நடந்த ஓர் ஆட்டத்தில், மாற்று வீராங்கனைக்கு இடம்விட்டு வாங்கில் அமர்ந்தவர், அங்கேயே சரிந்து விழுந்து இறந்தார். வயது 31.

முதலில் மாரடைப்பு என்றே கருதப்பட்டது. பிரேத பரிசோதனையில் உண்மை தெரிந்தது: இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி கிழிந்திருந்தது. காரணம் மார்பன் நோய். உடலின் இணைப்பிழையத்தைப் பலவீனமாக்கும் இப்பரம்பரை நோய் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு உண்டு. அவருக்கு அது இருப்பதை உயிரோடிருக்கும்வரை எவரும் கண்டறியவில்லை. எல்லோரும் வியந்த அந்த உயரமே அதன் அடையாளங்களில் ஒன்று. அவரது மரணத்தின் பின் சகோதரர் ஒருவரைப் பரிசோதித்தபோது அவருக்கும் அந்நோய் இருந்தது. சத்திரசிகிச்சையால் அவர் காப்பாற்றப்பட்டார்.

உயரமான எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்நோய் இருப்பதில்லை. பயப்படவும் வேண்டாம். ஆனால் மெலிந்து மிக உயர்ந்த உடல், உயரத்தைவிட நீண்ட கைவீச்சு, நீண்ட விரல்கள், வளைந்த முள்ளந்தண்டு, உள்ளமிழ்ந்த அல்லது முன்தள்ளிய மார்பு, கடுமையான கிட்டப்பார்வை ஆகியவற்றில் பல ஒருவரிடம் சேர்ந்து காணப்பட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால் தாமதிக்க வேண்டாம். எக்கோ எனப்படும் இதயப் பரிசோதனை வலியற்றது. பெருநாடி விரிவதை அது காட்டிவிடும். உரிய காலத்தில் கண்டறிந்தால் மருந்தும் சத்திரசிகிச்சையும் உண்டு. விளையாட்டையும் முற்றாகக் கைவிட வேண்டியதில்லை. எது பாதுகாப்பானது என்பதை வைத்தியர் சொல்வார்.

புளோவின் நினைவாக 1987 முதல் அமெரிக்காவில் பெண்கள் விளையாட்டுத் தினம் கொண்டாடப்படுகிறது. எம்மிற் பலர் இன்று தாய்மார், ஆசிரியைகள், பயிற்றுநர்கள். உயரமான ஒரு பிள்ளை கூச்சத்தோடு குனிந்து நடந்தால் நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். அணியிற் சேருங்கள். அவள் உடல்நலத்தையும் ஒரு தடவை கவனித்துப் பாருங்கள்.