திண்டிவனத்தில் ஓர் இரவு

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பக்கத்துக் கிராமத்தில் மாலைப் பள்ளி நடத்தப் போகும் குழுவில் சேரச் சொன்னார்கள். என் விசுவாசமே ஆட்டம் கண்டிருந்த நேரம். நானா ஊழியம் செய்வது என்று மறுத்துவிட்டேன். அப்போது நூலகத்தில் கையில் கிடைத்தது டாக்டர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கை வரலாறு.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா இருவரும் மிஷன் டாக்டர்கள். ஐடாவுக்கோ அந்த வாழ்க்கையே வேண்டாம். அமெரிக்காவோடு இருந்துவிடத்தான் ஆசை. தாயார் சுகமில்லாததால் திண்டிவனம் வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றும்படி கேட்டார்கள். அப்பாவை அனுப்புகிறேன் என்றால், ஆண் டாக்டர் கூடாதாம். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இரவெல்லாம் ஜெபித்த ஐடா, டாக்டராவதென்று தீர்மானித்தார்.

1899-ல் கார்னெலில் பட்டம். 1900-ல் வேலூர் வந்தார். சில மாதங்களில் அப்பாவும் போய்விட்டார். தனியாளாக வீட்டு அறையிலேயே வைத்தியம் தொடங்கினார். 1902-ல் மருத்துவமனை, 1909-ல் நர்ஸ் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 1960-ல் மறைந்தார்.

விசுவாசம் முழுசா வந்த பிறகுதான் ஊழியம்னு நினைச்சிருந்தேன். ஐடாவின் கதை வேறு சொன்னது. இருந்த விசுவாசம் அவரை வேலைக்கு அனுப்பியது. வேலை அந்த விசுவாசத்தை வளர்த்தது.

மறுவாரம் நானும் கிராமத்துக்குப் போனேன். தம்பி தங்கைகளே, அங்கேதான் எனக்கு மறுபடி ஜெபிக்க வந்தது.