மட்டை பிடித்த சிப்பாய்

தகப்பனார் சிப்பாய். மகனும் சிப்பாய். ஆனால் மகனின் பெயர் உலகம் முழுவதும் பரவியது. துப்பாக்கியால் அல்ல, ஆக்கி மட்டையால்!

அவர்தான் தயான்சந்த்.

1905-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி அலகாபாத்தில் பிறந்தார். அந்த நாளைத்தான் இப்போது தேசிய விளையாட்டு தினமாகக் கொண்டாடுகிறோம்.

தகப்பனார் சமேசுவர் சிங் வெள்ளைக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். பட்டாளத்துக்காரர் குடும்பம் ஓர் இடத்தில் நிற்குமா? இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். இந்த அலைச்சலில் பையனுடைய படிப்பு 6-ம் வகுப்போடு நின்றுவிட்டது. கடைசியில் ஜான்சி நகரில் ஒரு வீடு கிடைத்தது. அதுவே குடும்பத்துக்குச் சொந்த ஊர் ஆயிற்று.

சிறு வயதில் தயான்சந்துக்கு ஆக்கியில் ஆசை கிடையாது. குஸ்தி என்றால்தான் பிரியம். 1922-ல் பட்டாளத்தில் சேர்ந்த பிறகுதான் மட்டையை ஒழுங்காகப் பிடித்தார். சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பவர் ஆக்கிப் பித்துப் பிடித்தவர். அவர்தான் இவருக்கு முதல் குரு.

பகல் முழுவதும் பட்டாளத்து வேலை. இரவில் நிலா வெளிச்சத்தில் பந்து அடித்துப் பழகுவார். அவருடைய பெயர் தயான்சிங். நிலாவுக்குக் காத்திருந்து ஆடியதால், நண்பர்கள் "சந்த்" என்று சேர்த்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். இந்தியில் சந்த் என்றால் சந்திரன்.

வழி அனுப்ப 3 பேர்

1926-ல் ராணுவக் கோஷ்டி ஒன்று நியூசிலாந்துக்குப் போயிற்று. மொத்தம் 21 பந்தயங்கள். அவற்றில் 18 வெற்றி, 2 சரிநிகர், 1 தோல்வி. கோஷ்டி போட்ட கோல்களில் 100-க்கு மேல் தயான்சந்த் போட்டவை! திரும்பி வந்ததும் சாதாரண சிப்பாய், லான்ஸ் நாயக் ஆனார்.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். பம்பாயில் இந்தியக் கோஷ்டி கப்பல் ஏறியபோது, துறைமுகத்துக்கு வந்து வழி அனுப்பியவர்கள் 3 பேர்தான். திரும்பி வந்தபோதோ, துறைமுகத்தில் கால் வைக்க இடம் இல்லை! தங்கப் பதக்கத்தோடு வந்தார்கள் அல்லவா? 5 பந்தயங்களில் 29 கோல் போட்டார்கள். ஒரு கோல்கூட வாங்கவில்லை. தயான்சந்த் மட்டும் 14 கோல்.

தம்பிக்குச் சட்டை

அடுத்த ஒலிம்பிக் 1932-ல் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில். கோஷ்டியைத் தேர்ந்தெடுக்க மாகாணங்களுக்குள் பந்தயம் வைத்தார்கள். தயான்சந்துக்குப் பட்டாளத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. ஆட்டத்தைப் பார்க்காமலே அவரை எடுத்துக்கொண்டார்கள்.

அவருடைய தம்பி ரூப்சிங்கும் தேர்வானார். ஆனால் தம்பி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். சீமைக்குப் போட்டுக்கொண்டு போக நல்ல உடுப்பு இல்லை என்பதுதான் காரணம்! அண்ணன் தன் கைப்பணத்தைப் போட்டு உடுப்பு வாங்கிக் கொடுத்து, கூட அழைத்துப் போனார் என்று சொல்வார்கள்.

அந்தச் செலவு வீண் போகவில்லை. ஆகஸ்டு 11-ந் தேதி அமெரிக்காவை இந்தியா 24-1 என்ற கணக்கில் தோற்கடித்தது. தம்பி 10 கோல், அண்ணன் 8 கோல்! மீதியை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டார்கள். ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஒலிம்பிக்கில் ஆக்கி ஆட வந்தவை மூன்றே நாடுகள். ஆகவே இரண்டு பந்தயங்களிலும் தோற்ற அமெரிக்காவுக்கும் வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

தம்பி தன்னைவிடக் கெட்டிக்காரன் என்று தயான்சந்த் கடைசி வரையில் சொல்லி வந்தார். எத்தனை அண்ணன்மாருக்கு அந்த மனசு வரும்?

பெட்டிக்குள் இருந்த கொடி

1936-ல் பெர்லின் ஒலிம்பிக். இப்போது தயான்சந்த் கேப்டன். போனதும் ஓர் அதிர்ச்சி. பயிற்சிப் பந்தயத்தில் ஜெர்மனி 4-1 என்று ஜெயித்துவிட்டது! கேப்டனுக்குத் தூக்கம் போயிற்று. ஊரில் இருந்து தாரா என்ற ஆட்டக்காரரை அவசரமாக வரவழைத்தார்கள். அவர் விமானத்தில் வந்து, அரை இறுதிக்குச் சேர்ந்துகொண்டார். (இந்தத் தாராதான் 1948 ஒலிம்பிக்கில் பாகிஸ்தானுக்குக் கேப்டன்!)

இறுதிப் பந்தயமும் அதே ஜெர்மனியோடுதான். 14-ந் தேதி நடக்க வேண்டியது, மழையால் ஆகஸ்டு 15-க்குத் தள்ளிப் போயிற்று. சுதந்திரம் வருவதற்கு 11 வருஷம் முந்திய ஆகஸ்டு 15!

மைதானத்தில் அவர்களுக்கு உரிய கொடி பிரிட்டிஷ் கொடி. பந்தயத்துக்கு முன், உடை மாற்றும் அறையில், உதவி மானேஜர் பங்கஜ் குப்தா காங்கிரசின் மூவர்ணக் கொடியை வெளியே எடுத்தார். எல்லோரும் அதை வணங்கினார்கள். தயான்சந்த் யார்? வெள்ளைக்கார அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கும் சிப்பாய். விஷயம் மேலே போனால் என்ன ஆகும்? அதை நினைக்காமல் வணங்கிவிட்டுத்தான் ஆடப் போனார்.

பாதி நேரத்தில் இந்தியாவுக்கு ஒரே ஒரு கோல். மைதானம் ஈரம். தயான்சந்த் ஆணி வைத்த பூட்சையும் காலுறையையும் கழற்றி எறிந்தார். ரப்பர் அடி வைத்த செருப்போடு ஓடினார். அவ்வளவுதான், கோல்மேல் கோல்! நடுவில் ஜெர்மன் கோல் காவலரோடு மோதியதில் அவருக்குப் பல் உடைந்தது. சிகிச்சை செய்துகொண்டு மறுபடி வந்து ஆடினார். முடிவு 8-1. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட கோல் 38, வாங்கியது இது ஒன்றுதான்.

ஹிட்லர் அவரை அழைத்துப் பெரிய பதவி தருவதாகச் சொன்னார் என்று ஒரு கதை உலவுகிறது. அதை விட்டுவிடலாம். தயான்சந்தின் பெருமைக்கு ஹிட்லரின் சிபாரிசு எதற்கு?

பிறகு உலக யுத்தம் வந்தது. 12 வருஷம் ஒலிம்பிக்கே நடக்கவில்லை. அவருடைய நல்ல வயது அதில் கரைந்துவிட்டது. ஆனாலும் பெயர் கரையவில்லை. 1947-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்து இந்தியாவுக்கு அழைப்பு வந்தது. தயான்சந்த் இல்லாமல் கோஷ்டி வரவேண்டாம் என்பது நிபந்தனை! 42 வயதில் போய் ஆடினார்.

1956-ல் மேஜராக ஓய்வு பெற்றார். அந்த ஆண்டே பத்மபூஷண் விருது கிடைத்தது.

பிள்ளைக்கு வேண்டாம்

வீட்டில் பெரிய குடும்பம். வருமானம் சிறிது. பதக்கம் வேறு, பணம் வேறு என்பது அனுபவித்தவருக்குத்தானே தெரியும்? தன் பிள்ளைகள் ஆக்கி ஆடுவதை அவர் விரும்பவில்லை. உத்தியோகம் தேடிக்கொள்ளட்டும் என்று நினைத்தார்.

ஆனால் மகன் அசோக்குமார் மட்டையை விடவில்லை. 1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதிப் பந்தயம், பாகிஸ்தானோடு. 2-1 என்று இந்தியா வென்றது. கோப்பையைக் கொண்டுவந்த அந்த இரண்டாவது கோல், அசோக்குமார் போட்டது!

அடுத்த ஆண்டே துக்கம். 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு 7-வது இடம். 1928-ல் தயான்சந்த் தொடங்கி வைத்த பின், ஆக்கியில் பதக்கம் இல்லாமல் திரும்பியது அதுதான் முதல் தடவை. அந்தக் கோஷ்டியில் அவருடைய மகனும் இருந்தார். கிழவரின் மனம் உடைந்தது.

1977-ல் தம்பி ரூப்சிங் போய்விட்டார். இவருக்கும் ஈரலில் புற்றுநோய். டெல்லி ஆஸ்பத்திரியில் பொது வார்டில் படுத்திருந்தார். 1979-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி காலமானார்.

உடலை ஜான்சிக்குக் கொண்டு போனார்கள். சுடுகாட்டுக்கு அல்ல. இளமையில் அவர் ஆடிய "ஜான்சி ஹீரோஸ்" மைதானத்திலேயே தகனம் செய்ய வேண்டும் என்றார்கள். முதலில் அனுமதி கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தது. அவருடைய பழைய பஞ்சாப் ரெஜிமெண்டு சிப்பாய்கள் வந்து ராணுவ மரியாதை செய்தார்கள். அவர் பந்தை விரட்டிய மண்ணிலேயே சிதை மூட்டினார்கள்.