கணினியோடு தமிழைப் பேசவைத்த ஆசிரியர்

நம் ஊர்ப் பெயரை எழுதச் சொன்னால் நொடியில் எழுதிவிடுவோம்: நாகர்கோவில். ஆனால் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பழகிய அக்காமாரைக் கேட்டுப் பாருங்கள். ‘கோ’ என்னும் எழுத்துக்கு முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு ‘க’, அதன்பின் துணைக்கால் என்று மூன்று முறை தட்ட வேண்டும். நாவு சொல்லும் வரிசை ஒன்று, விரல் போகும் வரிசை வேறு! யாழ்ப்பாணத்தவரான முத்தையா அக்காலத்தில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியது பெருந்தொண்டே. எனினும் கணினி வந்த பிறகும் அதே வரிசையில்தான் விரல்கள் நடக்க வேண்டுமா? இக்கேள்வியைத் தம் கேள்வியாக ஏற்றவர்களுள் முன்நின்றவர் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி ஆவார்.

அவர் 1946ஆம் ஆண்டு பிறந்தார். பொறியியல் வல்லுநர் அல்லர். ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர். 1977இல் ‘இலக்கியக் களம்’ என்னும் அமைப்பைத் தொடங்கி எழுத்தாளர்களைக் கூட்டிக் கதைகளை ஆராய்ந்தார். பின்னர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராக விளங்கினார். 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதும் அவரை நாடி வந்தது. இத்தகைய ஒருவர் கணினிக்கு முன் ஏன் உட்கார்ந்தார்? வகுப்பறையில் உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்று கற்பிக்கிறோம். விசைப்பலகையும் அவ்வாறே அமைந்தால் குழந்தைகளுக்கு எளிதல்லவா? அந்த நினைவில் ஒரு விசைப்பலகையையும் ‘கணியன்’ என்னும் மென்பொருளையும் அவர் ஆக்கினார். பெயரிலேயே சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரின் மணம்!

மனிதனுக்கும் கணினிக்கும் இடையிலான உறவை ஆராய்வது தனித்த துறையாகவே வளர்ந்துள்ளது. 1982இல் அமெரிக்காவின் கெய்தர்ஸ்பர்க் நகரில் உளவியலாரும் கணினியாளரும் ஒரே மாநாட்டில் கூடியது அதன் தொடக்க காலத்து முக்கிய நிகழ்ச்சி. எந்திரத்தை அறிந்தவர் மனிதரை அறியார், மனிதரை அறிந்தவர் எந்திரத்தை அறியார் என்ற நிலையை மாற்றவே அவர்கள் கூடினர். தமிழுக்கு இப்பணியை ஓர் ஆசிரியர் தம் தோளில் ஏற்றுக்கொண்டார்.

அவருக்குத் துணையாக வந்தவர் டான் டின் வீ. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் அறிஞர், சீனர். தமிழ் எழுத்தாளரும் சீன விஞ்ஞானியும் கைகோத்த அந்தக் கூட்டை எண்ணினால் எனக்கு இன்றும் வியப்பே. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று இணையத்தில் ஏறியது. குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கிவைத்தார். ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழும் அதில் சரியாசனம் பெற்றது.

ஆயினும் பெரிய இடர் ஒன்று எஞ்சியிருந்தது. நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் தமிழ் எழுத்துருக்கள் வேறுபட்டன, விசைப்பலகைகளும் வேறுபட்டன. சென்னையில் அடித்த கடிதம் சிங்கப்பூர்த் திரையில் புரியாத குறிகளாய்க் கிடக்கும். மொழியறிஞர் ஒரு பக்கம், மென்பொருளார் ஒரு பக்கம், அரசுகள் ஒரு பக்கம். இவர்களைச் சேர்த்து உட்காரவைக்க 1997 மே மாதம் சிங்கப்பூரில் ‘தமிழ்நெட் 97’ என்ற கருத்தரங்கு நடைபெற்றது. அதற்கு அச்சாணியாய் நின்றவர் கோவிந்தசாமியே. தாம் ஆக்கிய விசைப்பலகையைக் கையில் வைத்துக்கொண்டே, பலரும் கூடி முடிவு செய்யட்டும் என்று அவையைக் கூட்டுவது எளிதான காரியமா?

அடுத்த மாநாடு 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடியது. அங்கு உருவானதே ‘தமிழ் 99’ விசைப்பலகை. இடக்கைப் பக்கம் உயிரெழுத்துகள், வலக்கைப் பக்கம் மெய்கள். ‘கோ’ வேண்டுமா? ‘க’வைத் தட்டி ‘ஓ’வைத் தட்டினால் போதும். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டுகள், நடுவிலுள்ள புள்ளியைக் கணினியே இட்டுக்கொள்ளும்.

தமிழ்நாடு அரசு 1999 ஜூனில் அதற்கு ஆணை பிறப்பித்தது. அந்த ஆணையைக் காண அவர் இல்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன், மே மாதம் 26ஆம் நாள், தமது 53ஆம் வயதில் மறைந்துவிட்டார். மறு ஆண்டு சிங்கப்பூரில் நடந்த மாநாட்டின்போது, பல நாட்டுத் தமிழ்க் கணிமையாளரும் சேர்ந்து ‘உத்தமம்’ என்னும் உலகளாவிய அமைப்பை நிறுவினர்.