பத்ராசல ராமதாசர்

ஹைதராபாத் நகரின் மேற்கே கோல்கொண்டா கோட்டையைக் காணச் செல்வோர், இருள் சூழ்ந்த சிறைக்கூடம் ஒன்றையும் காண்பர். அதன் சுவரில் ஸ்ரீராமர், லட்சுமணர், அனுமன் ஆகியோரின் திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. பதினேழாம் நூற்றாண்டில் பத்ராசல ராமதாசர் அடைபட்டிருந்த இடம் அது என்பர்.

அவரது இயற்பெயர் கஞ்சர்ல கோபன்னா. தெலங்கானாவின் கம்மம் மாவட்டத்திலுள்ள நேலகொண்டபல்லியில் அந்தணர் குலத்தில் தோன்றியவர். கபீர்தாசரே அவருக்கு ராமநாம உபதேசம் அளித்ததாகச் சரித நூல்கள் கூறும். ஆனால் கபீர், கோபன்னா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே மறைந்தவர். அவரது மரபில் வந்த துறவி ஒருவர் உபதேசித்திருக்கலாம்.

குதுப்ஷாஹி மன்னர் அபுல் ஹசன் தானாஷாவின் (ஆட்சி 1672-1687) அமைச்சர்களான அக்கன்னாவும் மாதன்னாவும் கோபன்னாவின் தாய்மாமன்மார் என்பது மரபு. அவர்களது ஆதரவால் பால்வஞ்சா பகுதியின் தாசில்தார் ஆனார். கோதாவரிக் கரையிலுள்ள பத்ரகிரியில் தம்மக்கா என்ற எளிய பெண்மணி பந்தலிட்டு வழிபட்டுவந்த ராமரைக் கண்டது முதல், கோயில் எழுப்பும் எண்ணமே அவரை ஆட்கொண்டது. அரசுக்குச் சேர வேண்டிய ஆறு லட்சம் வராகன் அத்திருப்பணியில் செலவாயிற்று என்பர்.

பக்தியின் பெருமை பேசும்போது இந்த இடத்தைக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அப்பணம் அவருடையதன்று. குடிகள் செலுத்திய வரி. தானாஷாவையும் கொடியவர் என்று தள்ளிவிட இயலாது. அரியணை ஏறுமுன் ஷா ராஜு என்னும் சூஃபி ஞானியின் சீடராக அவரது மடத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். கணக்குக் கேட்பது அரசதர்மம். மாமன்மார் அமைச்சர்களாக இருந்தும் மருமகனுக்குத் தண்டனை தவறவில்லை. சிறைவாசம் பன்னிரண்டு ஆண்டுகள் என்றும், முற்பிறவியில் கிளி ஒன்றைக் கூண்டில் அடைத்ததன் பயன் அது என்றும் மரபு கூறுகிறது.

அவரது உருக்கமான கீர்த்தனைகள் பல சிறையில் பிறந்தவை. அரசன் அவரிடம் கேட்ட கணக்கை அவர் இறைவனிடமே கேட்கிறார். சீதைக்கும் தம்பியர்க்கும் செய்து பூட்டிய நகைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டி ஏசுகிறார்; பின்னர் வேதனை தாளாமல் ஏசியதற்கு மன்னிப்பும் வேண்டுகிறார். சுந்தரரை அறிந்த தமிழர்க்கு இவ்வுரிமை புதிதன்று. நம் பஜனை மடங்கள் இக்கீர்த்தனைகளைத் தம்முடையவையாகவே ஏற்றுப் பாடிவருகின்றன.

ஓரிரவு ராமோஜி, லட்சுமோஜி என்ற பெயர்களில் இரு வீரர் தோன்றி, முழுத்தொகையையும் மன்னரிடம் செலுத்தி ரசீது பெற்றனராம். ராமதாசர் விடுதலை பெற்றுப் பத்ராசலம் திரும்பினார்.

1687-இல் கோல்கொண்டா ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தது. தானாஷா தௌலதாபாத் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு அங்கேயே மறைந்தார். ஸ்ரீராமநவமியன்று நடைபெறும் சீதாகல்யாணத்திற்கு அவர் தொடங்கிவைத்ததாகக் கூறப்படும் முத்துக் காணிக்கை, ஆட்சிகள் பல மாறிய பின்னும் ஹைதராபாத்திலிருந்து சென்றுகொண்டிருக்கிறது.